சிப்பண்டேல் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பழைய மரச்சாமான்களைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நீலகிரி பங்களா ஏலங்களின் புண்ணியமோ என்னவோ, பாதிக் கடிதங்கள் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நாற்காலி மேசை பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அதுவே.

கேள்வி: குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது ஆறு நாற்காலிகள் ஏலத்தில் எடுத்தோம். "ஒரிஜினல் சிப்பண்டேல், 1760ஆம் வருஷத்துச் சாமான், அந்தக் காலத்துக் கலெக்டர் கப்பலில் கொண்டுவந்தது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், விலையும் அதற்குத் தகுந்தபடிதான். இப்போது வீட்டுக்காரர் "ஏமாந்துட்டோமா?" என்று தினமும் கேட்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: அம்மிணி, நாற்காலிக்கு முன்னால் அந்தக் கதையைப் பார்த்துவிடுவோம். 1760இல் நம் பக்கம் கலெக்டர் என்று ஒருத்தரே கிடையாது. கோயமுத்தூர்ச் சீமை அப்போது மைசூர்க்காரர்கள் கையில் இருந்தது, மறுவருஷம் ஹைதர் அலி அங்கே அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்த பிறகுதான் கம்பெனிக்காரர்கள் இங்கே நிலையாக உட்கார்ந்தார்கள். கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் வீடு கட்டியது 1822. அந்தப் பேருக்குச் சொந்தக்காரரான லண்டன் மரச்சாமான் பட்டறைக்காரர் தாமஸ் சிப்பண்டேல் 1779லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக வருஷக் கணக்கே இடிக்கிறது.

தாத்தா சொத்தாகப் பின்னால் யாராவது கொண்டுவந்திருக்கக் கூடாதா என்றால், கூடும். அதனால் கதையை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். முன்பக்கச் செதுக்கு வேலையில் மயங்கினால் எல்லா நாற்காலியும் ஒரிஜினலாகத்தான் தெரியும்.

முதலில் மரம். அந்தக் காலத்து லண்டன் பட்டறையின் நல்ல நாற்காலி என்றால் அநேகமாக மஹோகனி. உங்களுடையது கருஞ்சிவப்பாக, ஊதாவும் கறுப்புமாகக் கோடு ஓடி, கண்ணில் படாத இடத்தில் லேசாகச் சுரண்டினால் மெல்லிய வாசனை வந்தால் அது ஈட்டி. தேக்கைப் பற்றி ஆனைமலை அடிவாரத்துக்காரர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நாற்காலி முழுக்க ஈட்டியோ தேக்கோ என்றால், செய்தவர் நம் நாட்டு ஆசாரி. இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே விசாகப்பட்டினத்து ஆசாரிகள் இங்கிலீஷ் மாதிரியைப் பார்த்துத் தந்தம் பதித்துச் செய்த சாமான்கள் இன்று லண்டன் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

அடுத்தது ரம்பத் தடம். உட்காரும் சட்டத்தின் உள்பக்கத்தை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இழைக்காமல் விட்டிருப்பார்களே அந்த இடத்தை, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கையால் அறுத்த தடம் நேர்கோடாக, ஆனால் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே கோணலாக இருக்கும். கோடுகள் வளைந்து வளைந்து ஒரே இடைவெளியில் ஓடினால் அது வட்ட ரம்பம், அதாவது 19ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிறகோ. அப்படியே ஒரு திருகாணியைக் கழற்றுங்கள். முனை கூராக இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிந்திய மெஷின் சரக்கு. அதற்கு முந்தியது அரம் போட்டுக் கையால் செய்தது, முனை மொட்டையாக இருக்கும், தலையில் உள்ள காடி நட்ட நடுவில் இல்லாமல் ஒதுங்கி நிற்கும். ரிப்பேரில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் ஒரே ஒரு திருகாணியை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

மெத்தைச் சட்டம் தனியாகத் தூக்கி எடுக்கிற மாதிரி இருந்தால், எடுத்துவிட்டு அது உட்காரும் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். செட்டாகச் செய்த நாற்காலிகளில் உளியால் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு என்று ரோமன் எண் போட்டிருப்பார்கள், அதே எண் மெத்தைச் சட்டத்திலும் இருக்கும், எது எதில் உட்கார வேண்டும் என்பதற்காக. அந்த வெட்டு இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள், சந்தோஷப்படுவேன்.

ஒருவேளை எல்லாமே சரியாக அமைந்தாலும் "சிப்பண்டேல்" என்று அடித்துச் சொல்ல முடியாது. அவர் தன் சாமானில் கையெழுத்தும் போட்டதில்லை, லேபிளும் ஒட்டியதில்லை. இது அவர் பட்டறை வேலை என்று இன்று உறுதியாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் பில்லும் கடிதமும் அந்தந்த மாளிகையில் பத்திரமாக இருந்ததால் தெரிந்தவை. கடைக்காரர் சிப்பண்டேல் என்றால் அந்தப் பாணி என்று எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவே.

என் ஊகம்: உங்கள் நாற்காலிகள் 1880க்கும் 1920க்கும் நடுவில் செய்தவையாக இருக்கும். இங்கிலாந்திலேயே அந்தப் பழைய பாணி மறுபடி மோஸ்தரான காலம் அது, எஸ்டேட் துரைமார்கள் படத்தைக் காட்டி இங்கேயே செய்து வாங்கியிருப்பார்கள். பேருக்காகக் கொடுத்த பணம் போனதுதான். நூறு வருஷத்து ஈட்டி நாற்காலி ஆறும் ஆடாமல் நிற்கிறது என்றால் மிச்சப் பணம் வீண் இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சிப்பண்டேல், ஹெப்பிள்வைட், ஷெரட்டன் மூன்று பேரையும் வகுப்பில் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்கள். இவர்கள் ஆசாரிகளா, டிசைனர்களா? யார் பெரிய ஆள்?
– இன்டீரியர் டிசைன் மாணவர், கோவை

பதில்: தம்பி, மூன்று பேரையும் சேர்த்துக் கட்டுவது புத்தகம். மூன்று பேரும் மாதிரிப் படப் புத்தகம் போட்டவர்கள், அதனால் பேர் நின்றது. அதே காலத்தில் வைல், காப், லின்னல் என்று சிப்பண்டேலுக்குச் சளைக்காத பட்டறைக்காரர்கள் லண்டனில் இருந்தார்கள், அவர்கள் பேர் யாருக்குத் தெரியும்?

சிப்பண்டேல் யார்க்ஷயரில் ஆட்லி என்ற சின்ன ஊரில் 1718இல் பிறந்தவர், மரவேலைக் குடும்பம். லண்டன் போய் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் பட்டறை போட்டு, 1754இல் 'தி ஜென்டில்மேன் அண்ட் கேபினட்-மேக்கர்ஸ் டைரக்டர்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த 160 படங்கள். மறுவருஷமே இரண்டாம் பதிப்பு, 1762இல் 200 படங்களோடு மூன்றாவது. முன்பணம் கட்டியவர்கள் பட்டியலில் பிரபுக்களும் இருக்கிறார்கள், தொழில்காரர்களும் இருக்கிறார்கள். பிரபு படத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டும், ஊர் ஆசாரி அதே படத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரே புத்தகம் இரண்டு பேருக்கும். அதில் பல நாற்காலிப் படங்களில் இடது முன்கால் ஒரு மாதிரி, வலது முன்கால் வேறு மாதிரி இருக்கும். அச்சுப் பிழை கிடையாது. எது பிடிக்கிறதோ அதைச் சொல்லுங்கள், செய்து தருகிறோம் என்று அர்த்தம். ஒரு பக்கத்தில் இரண்டு டிசைன் விற்ற ஆள்.

பட்டறை வைத்தவர் என்றதும் ஓரத்தில் உட்கார்ந்து உளி பிடித்தவர் என்று நினைக்காதே. கட்டில், திரைச்சீலை, கம்பளம், சுவர்க் காகிதம் என்று மாளிகை முழுசையும் எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர் என்பதுதான் பொருத்தம். காண்ட்ராக்டருக்கு உண்டான தலைவலி அத்தனையும் இருந்தது. 1755இல் பட்டறையில் தீப்பிடித்தது, பணம் போட்ட கூட்டாளி ஜேம்ஸ் ரானி 1766இல் இறந்துபோனார், பிரபுக்கள் பில்லை வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்கள். பாதி முடித்த நாற்காலிச் சட்டங்களை பிரான்சிலிருந்து மதிப்பைக் குறைத்துக் காட்டி இறக்கி, சுங்கத்தில் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. இங்கே கோவையில் இன்டீரியர் எடுத்துச் செய்கிற யாரிடம் சொன்னாலும் "நம்மாளுதான்" என்பார்கள்.

அவருடைய உச்சம் புத்தகத்தில் இல்லை என்பதை வகுப்பில் சொன்னார்களா? ராபர்ட் ஆடம் என்ற கட்டடக்கலைஞர் இத்தாலி போய்ப் பழைய ரோமானியக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்து நேர்கோடும் நிதானமுமான பாணியைக் கிளப்பிவிட்டார். சிப்பண்டேல் உடனே தன் வளைவு நெளிவுகளை விட்டுவிட்டு அதற்கு மாறினார். ஹேர்வுட் மாளிகைக்கு 1773இல் செய்த ஒரு கமோடு (கழிப்பறைச் சாமான் அல்ல, இழுப்பறையும் கதவும் வைத்த அலமாரி) டயானா, மினர்வா என்ற தேவதைகளை வெவ்வேறு நிற மரத் துண்டுகளால் பதித்தது. பில் 86 பவுண்டு. நான் முதலில் காட்டுவது அதைத்தான், முதுகில் ரிப்பன் முடிச்சுப் போலச் செதுக்கி, ஊரெல்லாம் காப்பி அடித்த அந்த ரிப்பன் முதுகு நாற்காலியை அல்ல.

ஹெப்பிள்வைட் விஷயம் விநோதம். ஆள் 1786இல் இறந்தார், புத்தகம் 1788இல் வந்தது, போட்டவர் மனைவி ஆலிஸ். அவர் கையால் செய்தது என்று நிச்சயமாகக் காட்ட ஒரு முக்காலி கூடக் கிடையாது. கேடயம் போன்ற முதுகு வைத்த நாற்காலிக்கு அவர் பேர் ஒட்டிக்கொண்டது. ஷெரட்டன் 1751இல் ஸ்டாக்டனில் பிறந்தவர், மரவேலை தெரிந்தவர், ஆனால் லண்டனில் சொந்தப் பட்டறை நடத்தியதற்குத் தடயம் இல்லை. 1791 தொடங்கிப் பகுதி பகுதியாகப் புத்தகம் போட்டார், படம் வரையச் சொல்லிக்கொடுத்தார், மதப் பிரசங்கம் செய்தார், 1806இல் ஏழையாகவே இறந்தார். மெல்லிய நேர்க்கால், பொன் நிற மரம், உள்ளே ஸ்பிரிங் வைத்து மேலெழும்பும் மேசை எல்லாம் அவர் படங்களில் வரும். யார் பெரிய ஆள் என்று கேட்டாய். தொழிலில் சிப்பண்டேல், கோடு போடுவதில் ஷெரட்டன். அசைன்மென்ட்டில் இப்படியே எழுதினால் மார்க் வருமா என்பது உன் வாத்தியார் பாடு.

கேள்வி: தென்னைக்கு நடுவில் மஹோகனி வைத்து எட்டு வருஷம் ஆச்சுங்க. நாற்று கொடுத்தவர்கள் "இங்கிலாந்து ராஜா வீட்டு மரம், இருபது வருஷத்தில் கோடி ரூபாய்" என்றார்கள். நிஜமாலுமே அந்த மரமும் இதுவும் ஒன்னுதானுங்களா?
– ஒரு விவசாயி, அந்தியூர்

பதில்: ஒரே குடும்பம்ங்க, ஆனால் உங்கள் தோட்டத்தில் எந்த உறுப்பினர் என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு முன்னால் நல்ல சாமானுக்கு வால்நட் மரத்தைத்தான் நம்பியிருந்தார்கள். 1709இல் ஐரோப்பாவில் அடித்த கொடுங்குளிரில் வால்நட் மரங்கள் ஏராளமாகச் செத்தன, 1720இல் பிரான்ஸ் ஏற்றுமதியை நிறுத்தியது. 1721இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட், கப்பல் கட்ட மரம் வேண்டும் என்ற கணக்கில், அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை எடுத்துவிட்டது. ஜமைக்காவும் அந்தக் கணக்கில் வந்ததால் மஹோகனி உள்ளே நுழைந்தது. கப்பலுக்குப் போட்ட சட்டத்தில் நாற்காலிக்காரன் பிழைத்தான். பலகை அகலமாகக் கிடைக்கும், ஒரே பலகையில் மேசை மேல்பாகம் எடுத்துவிடலாம், பூச்சி அவ்வளவாக அண்டாது, மெல்லிசாகத் துளைத்துச் செதுக்கினாலும் உடையாது. சிப்பண்டேல் நாற்காலி முதுகின் பின்னல் வேலை அத்தனையும் மஹோகனி இருந்ததால் சாத்தியமானது. வால்நட்டில் அந்த மெல்லிசுக்குத் துணிந்திருக்க மாட்டார்கள்.

ஜமைக்காவிலும் ஹோண்டுராஸ் கரையிலும் அந்த மரத்தை வெட்டி ஆற்றுக்கு இழுத்து வந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள். மேலே சொன்ன ஹேர்வுட் மாளிகையைக் கட்டிய லாசெல்ஸ் குடும்பத்தின் பணமும் மேற்கிந்தியக் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்ததுதான். "ராஜா வீட்டு மரம்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் தேவலை.

ஜமைக்கா, கியூபா மரம் சின்ன இலை ஜாதி, மெதுவாக வளர்ந்து கனமாக, நெருக்கமான ரேகையோடு இருக்கும். ஹோண்டுராஸ் மரம் பெரிய இலை ஜாதி, கொஞ்சம் இலகுவானது. நம் பக்கம் நட்டிருப்பதில் பெரிய இலை ஜாதி நிறைய, காயும் பெரிதாக இருக்கும். இந்தியாவுக்குச் சின்ன இலை ஜாதி 1795லேயே கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்துவிட்டது, ஆக மரம் நமக்குப் புதுசு இல்லை, விலைப் பேச்சுதான் புதுசு. காட்டில் தலைமுறைக் கணக்கில் நின்ற மரத்தையும், சொட்டு நீர் விட்டு வேகமாக வளர்த்த மரத்தையும் ஆசாரி ஒரே விலைக்கு எடுக்க மாட்டார். வைரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

குருத்துத் துளைப்பான் புழுவைக் கவனியுங்கள். நுனிக் குருத்தைத் தின்றுவிட்டால் மரம் கவை கவையாகப் பிரிந்துவிடும், நேரான தண்டு போனால் விலையும் போச்சு. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். கோடிக் கணக்குச் சொன்னவர்களிடம், இருபது வருஷம் கழித்து என்ன விலைக்கு அவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், முகம் மாறுகிறதா பார்க்கலாம்.

கேள்வி: நாற்காலிக் கால் முடிவில் பறவை நகம் ஒரு உருண்டையைப் பிடித்திருக்குமே, அதுதானே சிப்பண்டேலின் அடையாளம்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர் புத்தகத்தில் அந்தக் கால் ஒரு படத்தில் கூட இல்லை. 1754க்குள் லண்டனில் அது பழைய மோஸ்தர் ஆகிவிட்டது. முத்தைப் பிடித்த சீன டிராகன் நகத்திலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

கேள்வி: எங்க அப்பா ஆசாரி. ஃபெவிகால் இல்லை, மெஷின் இல்லை, அந்தச் சாமானெல்லாம் 250 வருஷம் எப்படி நிற்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். "அவங்க செஞ்சதுல நாம செய்யாதது என்ன இருக்கு" என்கிறார். சரிதானா?
– ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: அப்பா சொல்வது முக்கால்வாசி சரி. ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகும் கழுந்தும் துளையும் உலகத்துக்கே பொது. அவிநாசித் தேரைக் கட்டிய கைகளுக்கு லண்டன்காரன் வந்து சொல்லித்தர எதுவும் இல்லை. மிச்சக் கால்வாசி இழுப்பறையில் இருக்கிறது.

நல்ல லண்டன் வேலையில் ஒரு டிராயரை உருவிப் பக்கவாட்டில் திருப்பினால், முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் நுனி அகன்று அடி குறுகிய பற்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும், டவ்டெயில் என்பது அதுதான். எவ்வளவு இழுத்தாலும் முன்பலகை கழன்று வராது, ஏனென்றால் இழுக்கும் திசையில் பல் அகலமாகிக்கொண்டே போகிறது. பக்கப்பலகை ஓக் மரம், விரல் தடிமன் கூட இருக்காது. பற்களுக்கு நடுவே வரும் முளையின் கூர்ப்பக்கம் சில சமயம் ரம்பத் தகடு ஒன்று நுழையும் அளவுக்கு ஒடுக்கமாக இருக்கும். பல்லின் அடியில் வரைகோலால் கீறிய கோடு அப்படியே தெரியும், அழித்திருக்க மாட்டார்கள். முன்பக்கத்தில் இதெல்லாம் ஒன்றும் தெரியாது, வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு மூடியிருக்கும். அந்த வெனீரும் கையால் அறுத்தது, ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் தடிமன். இன்றைய கடை வெனீர் அரை மில்லிமீட்டர்தான், ரெண்டு தடவை உப்புத்தாள் போட்டால் கீழே பிளைவுட் எட்டிப் பார்க்கும்.

ஒட்டுவதற்கு வச்சிரம், அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. அதன் பெரிய குணம், சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். ஆடுகிற நாற்காலியைப் பிரித்து, பழைய பசையைக் கழுவி, மறுபடி சேர்க்கலாம். 250 வருஷம் நிற்கிறது என்றால் நடுவில் நாலைந்து தடவை யாரோ பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். ஃபெவிகால் போட்டு இறுக்கியதை அப்படிப் பிரிக்க முடியாது, மரம் கிழிந்துதான் வரும்.

அப்புறம் மரம் மூச்சு விடுவது. ரேகைக்குக் குறுக்கே மரம் சுருங்கும், நெடுக்கில் சுருங்காது. அந்தக் காலத்து வட்ட மேசையை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தால் வட்டம் இருக்காது, குறுக்கே சில மில்லிமீட்டராவது குறைந்திருக்கும். அளவு இரண்டு பக்கமும் சுத்தமாக ஒன்றாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். இங்கிலாந்தின் ஈரக் காற்றில் செய்ததை ஈரோட்டுச் சித்திரை வெயிலில், அதுவும் ராத்திரி ஏசி போடுகிற அறையில் வைத்தால் என்ன ஆகும் என்று அப்பாவிடமே கேளுங்கள். சட்டத்துக்குள் பலகையைப் பசை போடாமல் தவாளிப்பில் சும்மா உட்கார வைப்பது இதற்காகத்தான், அதை அவரும் செய்வார்.

ஒரு வித்தியாசம் கையில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. லண்டனில் நாற்காலி செய்பவர் வேறு, அலமாரி செய்பவர் வேறு, செதுக்குபவர், கடைசல்காரர், தங்கத்தகடு ஒட்டுபவர், மெத்தை தைப்பவர் எல்லாம் தனித்தனி. வழக்கமாக ஏழு வருஷம் தொழில் பழக வேண்டும். 1788இல் கூலிப் புத்தகம் ஒன்று அச்சிட்டார்கள்; இன்ன அலமாரிக்கு இவ்வளவு, ஓரத்தில் கோடு பதித்தால் கூட இவ்வளவு, அளவு கூடினால் இவ்வளவு என்று நுணுக்கமாக இருக்கும். இன்று நம் ஊரில் இன்டீரியர் வேலைக்குச் சதுர அடி ரேட் பேசுகிறார்களே, அதில் டவ்டெயிலுக்கும் ஆணிக்கும் ஒரே காசு. பிறகு யார் டவ்டெயில் வெட்டுவார்?

கேள்வி: டீ குடிக்கும் மேசைக்கும் டீப் பெட்டிக்கும் பூட்டு எதற்கு?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: பெட்டிக்குத்தான் பூட்டு, மேசைக்கு இல்லை. டீத்தூள் யானை விலை, வேலைக்காரர்கள் எடுத்துவிடுவார்கள் என்ற பயம். 1784இல் வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5ஆகக் குறைக்கும் வரை கள்ளக்கடத்தல் டீதான் நாடு முழுக்க ஓடியது. மேசை மூன்று காலில் நின்று மேல்பலகை மடங்குகிற மாதிரி இருக்கும், குடித்து முடித்ததும் மடக்கிச் சுவரோரம் நிறுத்திவிடுவார்கள். டீத்தூள் மூட்டைக்கு நடுவில் வாழ்கிற கோத்தகிரிக்காரர்களுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும்.

கேள்வி: பாட்டி வீட்டுப் பழைய மேசைக்கு என்ன பாலிஷ் போடுவது? கடைக்காரர் பழசைச் சுரண்டிவிட்டு பியு (பாலியூரித்தேன் பூச்சு) அடித்தால் பளபளக்கும் என்கிறார்.
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சுரண்ட விடாதீர்கள். பழைய மேசையின் மதிப்பே அந்த மேல்தோலில் இருக்கிறது. ஷெரட்டன் 1803இல் எழுதிய அகராதியில் ஆளி விதை எண்ணெயும் மெல்லிய செங்கல் பொடியும் வைத்துத் தேய்க்கச் சொல்கிறார், மெழுகும் பயன்படுத்தினார்கள். கொம்பரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணி உருண்டையால் தடவும் பிரெஞ்சு பாலிஷ் இங்கிலாந்துக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் போனது, அந்த அரக்கே நம் நாட்டுச் சரக்கு. உங்கள் மேசைக்கு அழுக்கைத் துடைத்து, தேன்மெழுகு கொஞ்சமாக எடுத்துத் தேய்த்து, மறுநாள் பருத்தித் துணியால் துடைத்தால் போதும். செங்கல் பொடியெல்லாம் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

கேள்வி: இதையெல்லாம் இங்கே எங்கே பார்க்கலாம்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: லண்டன் சாமானுக்கு லண்டன்தான் போக வேண்டும், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம். ஹேர்வுட் மாளிகையும் ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ் மாளிகையும் சிப்பண்டேல் வேலைக்குப் பேர் போனவை. மரத்தைத் தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் வேண்டாம், கோவை ஆர்.எஸ்.புரம் பக்கம் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மர மாதிரிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஷெரட்டன் காலத்தில் லண்டனில் மோகம் பிடித்து ஆடிய சாட்டின்வுட்டில் ஒரு வகை நம் வறண்ட காடுகளிலும் இலங்கையிலும் வளர்வது. இங்கே பொரசு, இலங்கைத் தமிழர்கள் முதிரை என்பார்கள்.

கேள்வி: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். சீருக்கு ஷோரூமில் கட்டிலும் பீரோவும் எடுப்பதா, இல்லை சிப்பண்டேல் படம் கொடுத்து ஆசாரியிடம் செய்யச் சொல்வதா?
– ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: தை மாதத்துக்குள் என்றால் நாள் போதாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ந்த மரம் கையில் இருந்தால் ஒரு செட் நாற்காலியும் ஒரு சின்ன மேசையும் முடியும், பச்சை மரத்தில் அவசரமாகச் செய்தால் பங்குனியிலேயே வெடிப்பு விடும். கட்டிலும் பீரோவும் ஷோரூமிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், பீரோவின் டிராயரை முழுசாக வெளியே உருவி அடிப்பலகையையும் மூலையையும் பார்த்துவிட்டு எடுங்கள், ஸ்டேப்ளர் முள் தெரிந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். நாற்காலிக்கு மட்டும் படம் கொடுங்கள். சிப்பண்டேல் புத்தகத்தின் பக்கங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ரிப்பன் முதுகு வேண்டாம், செதுக்குக் கூலியே நாற்காலி விலையைத் தாண்டிவிடும், தூசி துடைக்கவும் முடியாது. நேர்க்கால் வைத்த எளிமையான மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், தேக்கோ நன்றாகக் காய்ந்த வேம்போ போதும். ஆசாரியிடம் ஒரே நாற்காலியை முதலில் முடிக்கச் சொல்லி, வீட்டில் கனமான ஆளை உட்கார வைத்துப் பின்பக்கம் சாயச் சொல்லுங்கள். பின்காலும் உட்காரும் சட்டமும் சேரும் மூட்டில் சத்தம் வராவிட்டால் மிச்சம் ஐந்துக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.